பின் நம்பர் சரியாகப் போட்டு எடுத்திருந்தால் வங்கிக்குப் பொறுப்பில்லையா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கும் உங்கள் அப்பாவின் பென்ஷன் கணக்கிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு 11:52-க்கு ரூ.20,000, நள்ளிரவு தாண்டி 12:06-க்கு இன்னொரு ரூ.20,000 எடுக்கப்பட்டிருக்கிறது. எடுத்த இடம் ஐதராபாத்தில் ஒரு ஏடிஎம். அப்பா ஊரை விட்டு நகரவில்லை, கார்டு அவர் பர்ஸில்தான் இருக்கிறது. மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, அப்புறம் ஞாயிறு. மகனான நீங்கள் ஊருக்கு வந்து புதன்கிழமை கிளையில் போய்ச் சொன்னதும், "பின் நம்பர் சரியாப் போட்டுத்தான் எடுத்திருக்காங்க, நீங்களும் அஞ்சு நாள் கழிச்சு வர்றீங்க, பேங்க் ஒண்ணும் செய்ய முடியாது" என்று வாய்மொழியாகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதில் யார் பொறுப்பு, பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள்.

கார்டை பிளாக் செய்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் மேலே படிப்பதை நிறுத்திவிட்டு வங்கியின் வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டு அதைச் செய்யுங்கள். புகார் பதிவான நேரத்துக்குப் பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. அதனால் பேசி முடித்ததும் புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். கிளையில் சொன்ன இரண்டு காரணங்களுமே நிற்காதவை. முதலில் எளிதானதை எடுத்துக்கொள்வோம், அந்த ஐந்து நாள் கணக்கை.

வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஏடிஎம்மில் பணம் எடுப்பதும் அதில் அடங்கும். கூட்டுறவு வங்கிகளுக்கும் அதே ஆண்டு டிசம்பரில் இதே விதிகள் வந்தன. அதன்படி நாட்களை எண்ணும் முறை இது: கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாட்களை மட்டும் எண்ண வேண்டும், வங்கியிடமிருந்து தகவல் வந்து சேர்ந்த நாளைச் சேர்க்கக் கூடாது. உங்கள் அப்பாவுக்கு முதல் எஸ்எம்எஸ் வெள்ளி இரவு வந்தது, அந்த நாள் கழிந்தது. இரண்டாவது எஸ்எம்எஸ் சனிக்கிழமை பிறந்த பிறகு வந்தது, அதுவும் விடுமுறை நாள்தான். ஞாயிறும் கணக்கில் வராது. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. நீங்கள் மூன்றாவது வேலை நாளில் போயிருக்கிறீர்கள். இந்த மூன்று நாள் எல்லையில்தான் எல்லாமே இருக்கிறது. ஆனால் புதன்கிழமை போனதற்கு உங்களிடம் எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்ததை நாளை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். கவுண்டரில் டோக்கன் எடுத்திருந்தாலோ, அன்றே கஸ்டமர் கேருக்குப் பேசியிருந்தாலோ, கிளை மேலாளருக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தாலோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இன்றே ஒரு மின்னஞ்சலில், "இன்ன தேதி புதன்கிழமை நேரில் வந்து இதைத் தெரிவித்தோம்" என்று எழுதி அனுப்புங்கள்.

எண்ணத் தொடங்குவது பணம் போன நேரத்திலிருந்து இல்லை, தகவல் வந்து சேர்ந்ததிலிருந்துதான். வயதானவர்களின் கணக்குகளில் பழைய, கைவிட்டுப்போன மொபைல் எண்ணே பதிவில் இருப்பதை நிறையப் பார்க்கிறோம். எஸ்எம்எஸ் எப்போது போய்ச் சேர்ந்தது என்ற பதிவை வங்கி வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் உள்ள நிபந்தனை. "தாமதமாக வந்தீர்கள்" என்று சொல்பவர்களிடம் அந்தப் பதிவைக் காட்டச் சொல்லலாம்.

சரி, மூன்று நாளுக்குள் சொன்னால் என்ன, தாண்டினால் என்ன? விதி மூன்று வகையாகப் பிரிக்கிறது. வங்கியின் மோசடி, கவனக்குறைவு, சேவைக் குறைபாடு காரணமாகப் பணம் போயிருந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே கிடையாது. அவர் எப்போது சொன்னார், சொன்னாரா இல்லையா என்பதுகூட இதில் பொருட்டில்லை. இரண்டாவது, தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, நடுவில் வேறெங்கோ நடந்திருக்கிறது என்ற நிலை. இதில் மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பூஜ்யப் பொறுப்பு. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் என்றால் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் உச்சவரம்பு: குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைக் கணக்குக்கு ரூ.5,000, சாதாரண சேமிப்புக் கணக்குக்கு ரூ.10,000, பெரிய நடப்புக் கணக்குகளுக்கும் ரூ.5 லட்சத்துக்கு மேல் வரம்புள்ள கிரெடிட் கார்டுகளுக்கும் ரூ.25,000. உங்கள் விஷயத்தில் ஒரு நாள் பிந்தியிருந்தால்கூட இரண்டு பரிவர்த்தனைக்கும் சேர்த்து அப்பாவின் தலையில் விழுவது அதிகபட்சம் ரூ.20,000, மீதி ரூ.20,000-ஐ வங்கி தர வேண்டும். ஏழு நாளைத் தாண்டினால் அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கைப்படி. மூன்றாவது வகை, வாடிக்கையாளரின் கவனக்குறைவு. பின் நம்பர் போன்றவற்றை அவரே இன்னொருவருக்குச் சொல்லிவிட்டார் என்றால், வங்கியிடம் தெரிவிக்கும் நேரம் வரை போன பணம் முழுக்க அவர் பொறுப்பு.

ஆகவே வங்கி உங்களை இந்த மூன்றாவது வகைக்குள் தள்ளத்தான் பார்க்கும். "பின் நம்பர் சரியாப் போட்டிருக்காங்க" என்ற வாக்கியம் அதற்காகத்தான் சொல்லப்படுகிறது. பூட்டு உடையாமல் வீட்டில் திருட்டுப் போனால் சாவி வைத்திருந்தவர்தான் கொடுத்திருப்பார் என்று சொல்வதைப் போன்ற வாதம் இது. அந்தச் சுற்றறிக்கை மிகத் தெளிவாக ஒன்று சொல்கிறது: வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்பதை நிரூபிக்க வேண்டிய சுமை வங்கியுடையது. பின் சரியாக இருந்தது என்பது, பின் சரியாக இருந்தது என்பதை மட்டுமே காட்டுகிறது. அதை யார் கொடுத்தார்கள் என்று காட்டுவதில்லை.

எப்படித் திருடுகிறார்கள் என்று தெரிந்தால் இது புரியும். கார்டு சொருகும் வாய்க்கு மேல் அதே நிறத்தில் ஒரு போலி வாயைப் பொருத்திவிடுவார்கள். அதற்குள் இருக்கும் கருவி, கார்டின் பின்பக்கக் கறுப்புக் காந்தப் பட்டையில் உள்ளதை அப்படியே படித்து வைத்துக்கொள்ளும். விசைப்பலகைக்கு மேலே பொட்டளவு கேமரா ஒன்று, விரல் எங்கெங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும். பட்டையில் இருந்ததை இன்னொரு வெற்று கார்டில் எழுதி, கேமராவில் பார்த்த நான்கு எண்ணை அடித்தால், அங்கே பதிவாவதும் "சரியான பின்" என்றுதான். 11:52, 12:06 என்ற நேரங்களைப் பாருங்கள். தினசரி வரம்பு நள்ளிரவில் புதுப்பிக்கப்படும் என்று தெரிந்து, இரண்டு நாள் வரம்பையும் ஒரே நிற்பில் எடுத்திருக்கிறார்கள். புகாரில் இதைத் தனி வரியாகவே எழுதுங்கள்.

இங்கேதான் கார்டின் முன்பக்கத்தில் சிறு பொன்னிறச் சதுரமாகத் தெரியும் சிப் வருகிறது. காந்தப் பட்டையை நகலெடுக்கலாம். சிப் ஒவ்வொரு முறையும் புதிய குறியீடு ஒன்றை உருவாக்கி அனுப்புவதால் அதை அப்படி நகலெடுக்க முடியாது. அதனால்தான் பட்டை மட்டும் உள்ள பழைய கார்டுகளை 2018 முடிவுக்குள் சிப் கார்டுகளாக மாற்றும்படி ரிசர்வ் வங்கி சொன்னது. ஆனால் சிப் கார்டின் பின்னாலும் பட்டை இன்னும் இருக்கிறது. ஆகவே நீங்கள் வங்கியிடம் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி இது: அந்த ஐதராபாத் ஏடிஎம்மில் கார்டு சிப் வழியாகப் படிக்கப்பட்டதா, பட்டை வழியாகவா? பதில் வங்கியின் பதிவில் ஒரு குறியீடாக இருக்கும். பட்டை என்று வந்தால் நகல் கார்டு என்பது கிட்டத்தட்ட உறுதி. சிப் உள்ள கார்டுக்குப் பட்டையை ஏற்றுப் பணம் கொடுத்தது அவர்கள் அமைப்பின் குறை, அப்பாவின் குறை இல்லை.

சிப் என்று வந்தால்? அப்பாவின் அசல் கார்டே ஐதராபாத் போயிருக்கிறது என்று அர்த்தம். "கார்டு பர்ஸில்தான் இருக்கிறது" என்கிறீர்கள். அதை வெளியே எடுத்து, அதில் அச்சடித்திருக்கும் பெயரையும் கடைசி நான்கு எண்களையும் பாஸ்புக்கோடும் எஸ்எம்எஸ்ஸோடும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? தயவுசெய்து பாருங்கள். ஏடிஎம் வாசலில் நிற்கும் ஆள், "ஐயா, இப்படிச் சொருகக் கூடாது, கொடுங்க" என்று உதவிக்கு வருவான். பின் அடிக்கும்போது பக்கத்திலேயே நிற்பான். "மிஷின் வேலை செய்யலை" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பது அதே வங்கியின், அதே நிறத்தில் உள்ள வேறொருவர் கார்டு. பென்ஷன்காரர்கள் அடுத்த முதல் தேதிதான் மறுபடி ஏடிஎம்முக்குப் போவார்கள் என்பதால் அதுவரை தெரிவதே இல்லை. தமிழ்நாட்டில் முதியவர்களின் பணம் ஏடிஎம்மில் போவதற்கு, நவீனக் கருவிகளைவிட இந்தக் கைமாற்றும் வித்தைதான் அதிகம் காரணமாகிறது என்பது நான் பார்த்தவரை என் கருத்து. அப்பாவிடம் அதட்டாமல் கேளுங்கள். வீட்டில் திட்டு விழும் என்று பயந்து பெரியவர்கள் இதை மறைத்துவிடுகிறார்கள். அப்புறம் சிசிடிவியில் அது தெரியும்போது புகார் முழுவதும் பொய் என்று ஆகிவிடுகிறது. அப்படி நடந்திருந்தால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எட்டிப் பார்த்து எண்ணைத் தெரிந்துகொண்டான் என்பதும், அப்பா வாய்விட்டுச் சொன்னார் என்பதும் வேறு வேறு. முதலாவதைப் "பின்னைப் பகிர்ந்தார்" என்று வங்கி சொன்னால் வாதாட நல்ல இடம் இருக்கிறது. இரண்டாவதில் நம் பக்கம் பலவீனம்தான்.

இன்னொரு விஷயம், உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். "பின் நம்பர் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் இது இயல்பு, முட்டி வலிக்கும் அப்பாவுக்குப் பிள்ளைதான் பணம் எடுத்து வருகிறான். ஆனால் 2018-இல் பெங்களூரு மாவட்ட நுகர்வோர் மன்றம் ஒரு வழக்கில் என்ன சொன்னது என்று கேளுங்கள். மகப்பேறு விடுப்பில் இருந்த ஒரு பெண் 2013 நவம்பரில் கணவரிடம் பாரத ஸ்டேட் வங்கிக் கார்டையும் பின்னையும் கொடுத்து ரூ.25,000 எடுத்து வரச் சொன்னார். இயந்திரம் சீட்டு கொடுத்தது, பணம் தரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்தது. இயந்திரத்தில் ரூ.25,000 உபரியாக இருந்ததாக ஓர் அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கி வந்தார்கள். வங்கி வேறு அறிக்கையைக் காட்டியது. சிசிடிவியில் கணக்குக்காரர் இல்லை, கணவர்தான் இருந்தார். கடைசியில், கார்டையும் பின்னையும் இன்னொருவரிடம் கொடுத்தது விதிமீறல் என்று சொல்லி அந்தப் பெண்ணின் மனுவைத் தள்ளிவிட்டார்கள். எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. இயந்திரம் பணம் தராததற்கும் யார் பொத்தானை அழுத்தினார் என்பதற்கும் என்ன தொடர்பு? ஆனாலும் அது ஒரு மாவட்ட மன்றம் அளவில் சொல்லப்பட்டது, அது மாதிரி வங்கிகள் வாதிடுகின்றன என்பது உண்மை. நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். கேட்காத விவரத்தைப் புகாரில் நீங்களாகவே அள்ளிக் கொட்டவும் வேண்டாம். கேட்டால் உண்மையைச் சொல்லி, "மகனுக்குத் தெரிந்ததால்தான் ஐதராபாத்தில் பணம் போனது என்று காட்டுங்கள்" என்று கேளுங்கள். புகார் அப்பாவின் பெயரில், அப்பாவின் கையெழுத்தில் போகட்டும்.

புகாரில் கேட்க வேண்டியவை: ஏடிஎம்மின் அடையாள எண், அது எந்த வங்கியுடையது, இரண்டு பரிவர்த்தனைகளின் இஜே லாக் என்று சொல்லப்படும் இயந்திரப் பதிவு, சிப்பா பட்டையா என்ற விவரம், அந்த நேரத்தின் சிசிடிவி படம், எஸ்எம்எஸ் சேர்ந்த நேரத்தின் பதிவு. சிசிடிவியை அழியாமல் பாதுகாக்கும்படி முதல் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். பதிவுகள் நெடுங்காலம் நிற்பதில்லை. வேறு வங்கியின் ஏடிஎம் என்றால் கேட்டு வாங்கவே காலம் ஆகும். பொதுத்துறை வங்கி என்றால் அப்பா பெயரில் தகவல் அறியும் உரிமை மனுவும் போடலாம்.

இயந்திரப் பதிவை வங்கி நீட்டியதும் வாயடைத்துப் போய்விடாதீர்கள். இங்கிலாந்தில் ஒரு போலீஸ்காரர் தன் கணக்கிலிருந்து தான் எடுக்காத பணம் போயிருக்கிறது என்று 1992-இல் புகார் கொடுத்தார். எங்கள் அமைப்பில் தவறே நடக்காது என்று வங்கி சொன்னது. முடிவில் பொய்ப் புகார் கொடுத்துப் பணம் பறிக்கப் பார்த்தார் என்று அவருக்கே 1994-இல் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில், அவர் தரப்பு வல்லுநர் கணினி அமைப்பைப் பார்வையிட வங்கி இடம் கொடுக்கவில்லை. அப்படியானால் அந்தக் கணினிச் சான்று செல்லாது என்று 1996-இல் விடுதலையானார். பதிவு இருக்கிறது என்று சொன்னால் போதாது, அதைச் சோதிக்கவும் விட வேண்டும் என்பதைத்தான் நாமும் கேட்கிறோம்.

நம் நாட்டு உயர் நீதிமன்றங்களும் வாடிக்கையாளர் பக்கம் பேசியிருக்கின்றன. 2019 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஏறக்குறைய உங்களுடையதே. பிரேசிலில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவரின் கணக்கிலிருந்து, அவர் இங்கே இருக்கும்போது பிரேசில் ஏடிஎம்களில் சுமார் ரூ.2.4 லட்சம் எடுக்கப்பட்டது. எஸ்எம்எஸ் அனுப்பினோம், அவர் கார்டை முடக்கச் சொல்லவில்லை என்றது பாரத ஸ்டேட் வங்கி. எஸ்எம்எஸ் பார்க்கும் பழக்கமே இல்லாதவர்களும் உண்டு, அதற்குப் பதில் போடாததாலேயே அவரைப் பொறுப்பாக்க முடியாது, வாடிக்கையாளர் பணத்தைக் காப்பது வங்கியின் கடமை என்று நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், ரூ.94,204 இழந்த ஒருவருக்குச் சாதகமாகக் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் சொன்னதில் தலையிட மறுத்துவிட்டது. அது ஏடிஎம் இல்லை, இணையவழி மோசடி. ஆனால் அவர் ஒரே நாளுக்குள் வங்கியிடம் சொல்லியிருந்தார் என்பது அதில் பெரிதாக உதவியது. எதிராகவும் உண்டு. கார்டும் பின்னும் இல்லாமல் மூன்றாம் ஆள் ஏடிஎம்மில் பணம் எடுக்க முடியாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2011-இல் சொன்னதை வங்கி வழக்கறிஞர்கள் இன்னும் எடுத்துக் காட்டுவார்கள். அது நிரூபணச் சுமை பற்றிய ரிசர்வ் வங்கி விதி வருவதற்கு ஆறு ஆண்டு முந்தையது என்பதுதான் உங்கள் பதில்.

எழுத்தில் புகார் சேர்ந்தால் என்ன நடக்க வேண்டும்? தெரிவித்த நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். பணம் போன தேதியிலிருந்தே இருந்ததாகக் கணக்கிட வேண்டும், வட்டி போகக் கூடாது. காப்பீட்டுப் பணம் வரட்டும் என்று காக்கவைக்கவும் கூடாது. பல வங்கிகள் விசாரணை முடியும்வரை அதை எடுக்க முடியாதபடி பிடித்துவைக்கும், அதற்காகப் பதற வேண்டாம். 90 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். முடியவில்லை என்றால் விதிப்படி உள்ள தொகையைக் கொடுத்துவிட வேண்டும். எஃப்ஐஆர் இல்லாமல் புகாரையே வாங்க மாட்டோம் என்று கிளையில் சொல்லலாம். அந்தச் சுற்றறிக்கை அப்படி ஒரு முன்நிபந்தனை வைக்கவில்லை. ஆனாலும் 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் பதிவு செய்து ஒப்புகையை இணையுங்கள், அது உங்களுக்கே பலம். கடிதத்தில் 2017 சுற்றறிக்கையைச் சொல்லும்போது, ரிசர்வ் வங்கி தன் உத்தரவுகளைத் தொகுத்து மாற்றி வெளியிட்டிருப்பதால், நடப்பில் உள்ள வடிவத்தை அதன் இணையதளத்தில் பார்த்து அந்த எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ரிசர்வ் வங்கியின் புகார்த் தளமான சிஎம்எஸ் இணையதளத்திலேயே பதியலாம், சந்தேகத்துக்கு 14448 என்ற எண்ணைக் கூப்பிடலாம். வங்கிக்கு முதலில் எழுத்தில் கொடுக்காமல் நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டு அதே விஷயத்தை அங்கே கொண்டு போகவும் முடியாது, ஆகவே முதலில் ஒம்புட்ஸ்மேன், தேவைப்பட்டால் பிறகு ஆணையம். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வங்கியின் தலைமையகம் இருக்கும் மும்பைக்கு அலைய வேண்டாம்.

பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாமே பணம் எடுக்கப் போய், பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் அது வேறு விதி: பரிவர்த்தனை நாள் போக ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு. 2019 அக்டோபரிலிருந்து நடப்பில் உள்ளது. அப்புறம், ஏடிஎம் இயந்திரத்தையே வெல்டிங் வைத்து அறுத்துக்கொண்டு போனால் அதில் போவது வங்கியின் பணம், எந்த வாடிக்கையாளர் கணக்கும் குறையாது.

புது கார்டு வந்ததும், வங்கியின் ஆப்பிலோ கிளையிலோ வெளிநாட்டுப் பயன்பாட்டையும் இணையவழிப் பயன்பாட்டையும் அணைத்துவிட்டு, ஏடிஎம் தினசரி வரம்பை அப்பாவுக்கு ஒரு தடவைக்கு எவ்வளவு தேவையோ அந்த அளவுக்கு, ரூ.5,000 என்றால் ரூ.5,000, குறைத்து வையுங்கள். 2020 அக்டோபரிலிருந்து இந்த வசதியை எல்லா வங்கிகளும் தர வேண்டும். எஸ்எம்எஸ் போகும் எண்ணாக, அப்பா கையில் உண்மையிலேயே இருக்கும் போனின் எண்ணைப் பதியுங்கள், மின்னஞ்சலுக்கு உங்களுடையதைக் கொடுங்கள். அடுத்த முறை இரவு 11:52-க்கு ஒரு செய்தி வந்தால் 12:06-க்கு முன்னால் நீங்களாவது பார்க்க வாய்ப்பு உண்டு.